காய்ச்சல் லீவு

சாயங்காலம் ஏரிக்கரையில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் 'குட் மார்னிங்' சொல்கிற ஆளை நான் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் எதிர் வீட்டு அக்கா. சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடக்க வரும் ரிட்டயர்டு பெரியவர்கள் முதலில் முழித்தார்கள். ஒருத்தர் வாட்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுப் போனார். அப்புறம் எல்லோருக்கும் பழகிவிட்டது. இருட்டப் போகிற நேரத்தில் 'குட் மார்னிங்மா' என்று பதில் சொல்லிவிட்டு நடப்பார்கள்.

அக்காவுக்கு மூளையில் ஒன்றும் கோளாறு இல்லை. அவளுடைய மகள் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே முதல் பெல் அடிக்கிற நேரம் நமக்குச் சாயங்காலம். அவ்வளவுதான் விஷயம். அந்த ஊர்க்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்களாம். அப்போது அக்காவின் வாக்கிங்கும் ஒரு மணி நேரம் முன்னே பின்னே போகும். குளிர்காலத்து ஆறு மணிக் கணக்கு வந்தால்தான் நான் குரோம்பேட்டை ஆபீஸிலிருந்து வந்து அவளோடு சேர்ந்து நடக்க முடியும். நடந்துகொண்டே இருப்பவள் சட்டென்று நின்று, 'பெல் அடிச்சாச்சு' என்பாள். உடனே நடையில் ஒரு வேகம் வந்துவிடும். சனி, ஞாயிறுகளில் குட் மார்னிங் கிடையாது. அன்றைக்கு ஸ்கூல் லீவு.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அக்காவிடம் கேட்காமலே எல்லாம் தெரிந்துவிடும். செங்கல் கட்டடம். முன்னால் கொடிக்கம்பம், பின்னால் பெரிய மைதானம். மஞ்சள் பஸ் வீட்டு முனைக்கே வரும். மதியச் சாப்பாட்டில் என்னென்ன என்று மாதத் தொடக்கத்திலேயே போட்டுவிடுவார்கள். அக்கா அதைப் படித்துவிட்டு, 'இன்னைக்கு மக்ரோனி. தொடவே மாட்டா, பட்டினிதான்' என்று அலுத்துக்கொள்வாள். எங்களுக்கெல்லாம் பெரிய அதிர்ச்சி, அது ஃபீஸ் வாங்காத பொதுப் பள்ளி என்பதுதான். எங்கள் தெருவில் வாங்குகிற சம்பளத்தில் பாதியைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம்.

"அமெரிக்கா போயும் கவர்மெண்ட் ஸ்கூலாக்கா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"அங்க டாக்டர் பிள்ளையும் அதுலதான், டிரைவர் பிள்ளையும் அதுலதான். நீ வந்து பாத்தாத் தெரியும்" என்றாள், என்னவோ நாளைக்கே இரண்டு பேரும் கிளம்பிப் போகப் போகிற மாதிரி.

போக முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது ஒரு மாதத்துக்கென்று வந்தவள். மகள் அப்போது எட்டாவது. ஒன்பதாவதுக்கு அந்த ஹைஸ்கூலில் பெயர் பதிந்து, அம்மா என்கிற இடத்தில் தன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருக்கிறாள். ஒரு மாதம் இழுத்துக்கொண்டே போனது. அப்பா போய்ச் சேர்வதற்குள் அங்கிருந்து கணவனின் விவாகரத்துக் காகிதம் வந்துவிட்டது. அவன் விசாவை ஒட்டித்தான் இவள் விசா. அது போனதும் எல்லாமே போனது. மகள் யாரோடு இருக்க விரும்புகிறாள் என்று அங்கே கோர்ட்டில் கேட்டார்களாம். 'இந்த ஸ்கூலை விட்டுட்டு நான் எங்கேயும் வரமாட்டேன்' என்று அந்தப் பெண் சொன்னாளாம்.

இதை அக்கா என்னிடம் அழாமல்தான் சொன்னாள். அவள் தங்கியிருந்த தம்பி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த ஸ்கூல் பேரைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. நீங்க என்னடான்னா அங்க மதியம் என்ன சோறுன்னு படிச்சிக்கிட்டு இருக்கீங்க."

"என்னை வேணாம்னு சொல்லிட்டு எதை வேணும்னு சொன்னாளோ, அது என்னன்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றாள் அக்கா. கீரைக் காம்பை ஒடித்துத் தட்டில் போட்டாள்.

அப்புறம் நான் அந்தப் பள்ளியைத் திட்டவில்லை. திட்டினால் அவள் முகம் வாடிவிடும். சம்பந்தி வீட்டைக் குறை சொல்லக் கேட்டதுபோல அதன் பக்கம் பேச ஆரம்பித்துவிடுவாள்.

பனி கொட்டினால் அங்கே லீவு விடுவார்கள். நம் ஊரில் நவம்பர் மழைக்குக் கலெக்டர் லீவு அறிவிக்கிற மாதிரி அங்கேயும் ஒருத்தர் இருக்கிறார். அந்த அறிவிப்பு அக்காவின் போனுக்கும் வந்துவிடும். வந்த அடுத்த அரைமணியில் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்படும். தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜி.

"என்னக்கா விசேஷம்?"

"அவளுக்கு ஸ்கூல் லீவு. வீட்ல சும்மாத்தானே இருப்பா. பஜ்ஜின்னா உயிர்."

இங்கே நாங்கள் ஃபேனைப் போட்டுக்கொண்டு அந்த ஊர்ப் பனிக்காகப் பஜ்ஜி தின்போம். என் பிள்ளைகள் கூகுளில் அந்த ஊர் வானிலையைப் பார்த்துவிட்டு, 'அடுத்த வாரமும் பனியாம்மா' என்று நாக்கைச் சப்புக்கொட்டும் அளவுக்கு அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

ஏரிக்கரை வாசலில் பூ விற்கும் ஆயாவுக்கும் எல்லாம் அத்துப்படி. கோடை விடுமுறை முடிகிற சமயத்தில், "இன்னாமா, உன் பொண்ணு இஸ்கூலு தொறந்துட்டாங்களா? இன்னும் லீவுலதான் கீறாளா?" என்று கேட்டுவிட்டு, ஒரு முழம் கூடவே அளந்து கொடுப்பாள்.

மகள் மட்டும் அக்காவோடு பேசமாட்டாள். போன் அடித்தால் எடுப்பதில்லை. பிறந்தநாளுக்கு அனுப்பிய பட்டுப்பாவாடை போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. 'நீதானே விட்டுட்டுப் போனே' என்று கடைசியாக ஒருமுறை சொல்லிவிட்டு வைத்தவள்தான். அப்படியும் அக்கா தன் போனுக்குப் பூட்டுப் போடமாட்டாள். மகள் ஏதாவது அனுப்பினால் பூட்டு நம்பரைத் தட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காதாம், சட்டென்று பார்க்க வேண்டுமாம்.

பள்ளிக்கூடம் மட்டும் பேசிற்று. அந்தப் பள்ளியின் ஆப் ஒன்று அக்கா போனில் இருந்தது. பெற்றோர் பட்டியலிலிருந்து அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போது அது கிணுங் என்றது. 'உங்கள் மகள் இன்று முதல் பீரியடுக்கு வரவில்லை. காரணத்தைத் தெரிவிக்கவும்.'

அக்கா அப்படியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். விபத்தோ என்னவோ என்று நானும் குனிந்து போனைப் பார்த்தேன். ஆப்பிலேயே நம்பர் இருந்தது. கூப்பிட்டாள். வருகைப் பதிவு பார்க்கிற ஒரு வயதான அம்மாள் எடுத்தாள். அக்கா எழுந்து நின்றுகொண்டாள். நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய அதே லீவு லெட்டரை இங்கிலீஷில் வாயால் சொன்னாள்: என் மகளுக்குக் காய்ச்சல், ஆகையால் முதல் பீரியடுக்கு வர இயலவில்லை, தயவுசெய்து மன்னிக்கவும்.

"காய்ச்சலா? உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன், அவள் போனை வைத்ததும்.

"எனக்கு என்ன தெரியும்? பெத்தவங்க லீவு சொன்னா மார்க் பண்ணிக்க மாட்டாங்க, இல்லன்னா பிள்ளையைக் கூப்பிட்டு நிக்க வைப்பாங்க. அதான் சொன்னேன்." அவள் முகம் சிவந்திருந்தது. "அந்தம்மா என்னைச் செல்லமா 'ஹனி'ங்கிறா. 'பிள்ளையைப் பாத்துக்கோங்க ஹனி'ங்கிறா."

'நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்' என்று சொல்லிவிட்டு, அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் காய்ச்சல் அடிக்கடி வர ஆரம்பித்தது. பத்தாவதிலும் பதினொன்றாவதிலும் மாதத்துக்கு ஒருமுறையாவது கிணுங் என்று கேட்கும். முதல் பீரியடு மட்டும்தான். அதற்கப்புறம் பெண் போய்விடுவாள். அக்கா கூப்பிடுவாள், காய்ச்சல் என்பாள், அந்தப் பள்ளிக்கூடத்து அம்மாள் ஹனி என்பாள். ஒருமுறை தலைவலி என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தாள், சரளமாக வரவில்லை. திரும்பவும் காய்ச்சலுக்கே வந்துவிட்டாள்.

ஒருநாள் மகளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. இங்கிலீஷில் ஒரே வரி. 'எனக்குக் காய்ச்சல் எல்லாம் இல்லை.' அவ்வளவுதான். 'அம்மா' என்ற ஒரு சொல்கூட இல்லை. எனக்குப் பார்த்ததும் சுருக்கென்றது. அக்காவோ அதைத் தெருவெல்லாம் காட்டினாள். பூக்கார ஆயாவுக்கு வாசித்துத் தமிழிலும் சொன்னாள்.

"பேசிட்டா பாத்தியா? பேசிட்டா!"

பதிலுக்கு இவள் ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினாள். மறுபதில் வரவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

எனக்கு இது பிடிக்கவில்லை. நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. கேட்டே விட்டேன்.

"பொண்ணு கிளாஸ் கட் அடிக்கிறா. அதுக்குப் போய் யாராவது சந்தோஷப்படுவாங்களா?"

அக்கா ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவ ஒழுங்காப் போற அன்னைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லையேம்மா" என்றாள்.

  எனக்கு அன்று அவள்மேல் பரிதாபமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

மகள் பன்னிரண்டாவது வந்தாள். காலேஜுக்கு விண்ணப்பிக்கிற வருஷம். பள்ளி திறந்த கொஞ்ச நாளில், எனக்கு ஆபீஸ் லீவாக இருந்த ஒரு சாயங்காலம், ஆப் கிணுங் என்றது. அக்கா போனை எடுத்தாள், நம்பர்வரை போனாள், எடுத்த போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

"கூப்பிடலையா?"

"இல்ல. ரொம்ப யோசிச்சிட்டேன். நான் பொய் சொல்லிக் காப்பாத்தறதுனாலதான் அவ இப்படிப் பண்றா. காலேஜ் சேர்ற வருஷம். ஒருநாள் மாட்டட்டும். அப்பதான் திருந்துவா." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அம்மான்னா கண்டிக்கவும் வேணும்ல?"

அதுதான் கடைசி. அதற்கப்புறம் அந்தப் பெண் ஒருநாள்கூட முதல் பீரியடைத் தவறவிடவில்லை. ஆப் வாயே திறக்கவில்லை. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. 'பாத்தியா, நான் லீவு சொல்றதை நிறுத்தினதும் சரியாயிட்டா. இத்தனை தூரத்துலேர்ந்து வளத்திருக்கேன் பாரு' என்று சொல்லிச் சிரித்தாள். ஆனால் ஏரியைச் சுற்றும்போது கை அடிக்கடி பைக்குள் போய் போனைத் தடவிப் பார்க்கும். பெல் அடித்தாச்சு என்று அவள் சொல்வதும் குறைந்துகொண்டே வந்தது.

நவம்பர் மழையில் அக்காவுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. கஞ்சி கொண்டுபோன நான், "இது உங்க பொண்ணுக்கு வர்ற காய்ச்சலாக்கா, முதல் பீரியடோட போயிடுமா?" என்று கேலி பண்ணினேன். அவளும் சிரித்தாள். மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றாள். ஆகவில்லை. டெங்கு என்றார்கள், ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்றார்கள். குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் ஆபீஸ் முடிந்து அங்கே போவேன். தலைமாட்டில் போன் சார்ஜில் கிடக்கும். கடைசியாக என்னிடம் அவள் பேசியது, "பெல் அடிச்சாச்சா?" என்றுதான். அடித்தாச்சு, கிணுங் சத்தம் எதுவும் வரவில்லை, பொண்ணு ஒழுங்காகப் போய்விட்டாள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் விடிகாலையில் போய்விட்டாள். நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அவள் தம்பி உடனே அமெரிக்காவுக்குப் போன் போட்டார். அக்காவின் முன்னாள் கணவர் எடுத்து, 'சொல்லிடறேன்' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். பகலெல்லாம் தம்பி அந்தப் பெண்ணின் நம்பருக்கு வீடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முகத்தையாவது ஒருதரம் காட்டிவிடலாம் என்றுதான். அடித்து அடித்து நின்றது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆளாளுக்குப் பேசினார்கள். பூக்கார ஆயா மாலையோடு வந்தவள், "பெத்த பொண்ணுக்குச் சொல்ட்டாங்களா? இன்னா சொல்லுச்சாம்?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

மழைக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். ஆண்கள் எல்லோரும் வண்டியோடு போனார்கள். தம்பியின் மனைவியும் நானும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவினோம்.

"கல்லு மனசு. அப்பன் புத்தி அப்படியே இருக்கு. பெத்தவ செத்துக் கிடக்கிறாங்கன்னு சொல்லியும் ஒரு போன் எடுக்கலையே" என்று தம்பியின் மனைவி துடைப்பத்தைப் போட்டு அடித்தாள். "இவங்க என்னடான்னா ஸ்கூல், ஸ்கூல்னு உயிரை விட்டாங்க."

நான் மறுக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

விளக்கேற்றுகிற நேரம். ஃபிரிட்ஜ் மேல் கிடந்த அக்காவின் போன் கிணுங் என்றது.  ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். 'உங்கள் மகள் இன்று முதல் பீரியடுக்கு வரவில்லை. காரணத்தைத் தெரிவிக்கவும்.'

எனக்கு என்ன தோன்றியது என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. யாராவது அந்தப் பெண்ணுக்கு லீவு சொல்ல வேண்டும். அவ்வளவுதான் தோன்றியது. பூட்டில்லாத போன். நம்பரை அழுத்தினேன்.

"ஹனி! எத்தனை நாளாச்சு உங்க குரலைக் கேட்டு!" என்றாள் அந்தப் பக்கத்து அம்மாள், நான் வாயைத் திறப்பதற்குள்.

நான் அவளில்லை, எதிர் வீட்டுக்காரி என்றேன். விஷயத்தைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் அந்த நேரத்தில் எங்கோ போய்விட்டது. இன்று காலை, காய்ச்சல், இறந்துவிட்டார் என்று துண்டு துண்டாகத்தான் வந்தது.

 பிறகு அந்த அம்மாள் மெதுவாகப் பேசினாள். அங்கே லேட்டாக வருகிற பிள்ளைகள் இவளுடைய மேஜைக்கு வந்து ஒரு சீட்டு வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்குப் போக வேண்டுமாம்.

"அந்தப் பொண்ணு லேட்டா வந்தா சீட்டைக் கேக்கவே மாட்டா. 'என் அம்மா கூப்பிட்டாங்களா?'ன்னுதான் முதல்ல கேப்பா. கூப்பிட்டாங்கன்னு சொல்லுவேன். 'என்ன சொன்னாங்க?'ம்பா. காய்ச்சல்னு சொன்னாங்கம்பேன். 'குரல் எப்படி இருந்துச்சு?'ன்னு கேப்பா. நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவேன். அதுக்கப்புறம்தான் கிளாஸுக்குப் போவா. அவளுக்குக் காய்ச்சல் இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும். நானும் பிள்ளை பெத்தவதான்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இந்த வருஷம் ஒருநாள் வந்து கேட்டா. அன்னைக்கு யாரும் கூப்பிடலை. இல்லன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னா. சரின்னு சொல்லிட்டுச் சீட்டை வாங்கிட்டுப் போனா. அதோட சரி. அப்புறம் ஒருநாளும் லேட்டா வரலை." அங்கே ஏதோ தாள் புரளும் சத்தம் கேட்டது. "இன்னைக்கு அவ வரவே இல்லை ஹனி. நான் காரணம் என்னன்னு போடட்டும்?"

அக்கா பெருமையாகச் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. அவளிடம் ஓடிப்போய் இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஈரத் தரையும், அவள் கிடந்த இடத்தில் ஏற்றிய விளக்கும்தான் இருந்தன. இனிமேல் யாரிடம் சொல்ல?

"காய்ச்சல்னு போடுங்க" என்றேன்.

"யார் கூப்பிட்டதுன்னு போடட்டும்?"

"அம்மா" என்றேன்.

போனை வைத்தபோது தம்பியின் மனைவி பிழிந்த துணியோடு எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு? ஸ்கூல்லேர்ந்தா? அவங்களுக்கு என்ன வேணுமாம் இப்போ?"

"பொண்ணு இன்னைக்கு ஸ்கூலுக்குப் போகலையாம்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கையிலிருந்த துணி தரையில் விழுந்தது. பகலெல்லாம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தவள், அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.